போர்க்கைதியாக இறந்த சிப்பாயை நினைவுகூர்வது எப்படி: பர்மாவில் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

பர்மாவின் தென்பகுதியில், மோல்மேன் நகரில், எங்கள் வீட்டுக் கூடத்தில் சீருடையணிந்த இளைஞர் ஒருவரின் படம் மாட்டப்பட்டிருக்கிறது. அவர் என் தாத்தாவின் தம்பி. எங்களுக்குச் சின்னத் தாத்தா. இராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சப்பர் படையில், அதாவது இராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தவர். 1942 பிப்ரவரி 23 விடியற்காலையில் சித்தாங் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டபோது, 17ஆவது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி ஆற்றின் கிழக்குக் கரையிலேயே நின்றுவிட்டது. அந்தக் கரையில் சிக்கியவர்களில் அவரும் ஒருவர். ஜப்பானியரிடம் கைதியாகி, ரங்கூன் (இன்றைய யாங்கோன்) சிறையில் இறந்தார். ஆனால் எங்கள் வீட்டில் நெடுங்காலம் "சண்டையில் போய்விட்டார்" என்ற ஒரு வாக்கியம் மட்டுமே வழங்கி வந்தது. கைதியாக இருந்து இறந்தவரை எப்படிச் சொல்வது, எந்த நாளில் நினைப்பது, எங்கே போய்ப் பூ வைப்பது என்பது யாருக்கும் தெரியவில்லை.

தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இதே கேள்விகளோடு வந்து, எங்கள் ஊர்க் கோயிலில் விசாரிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்ததையே இங்கே எழுதி வைக்கிறேன்.

இரும்புப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

தேடலைக் கணினியில் தொடங்க வேண்டாம். வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் தொடங்குங்கள். பழைய பத்திரங்களுக்கு நடுவே குடும்ப ஓய்வூதியத் தாள், மணியார்டர் ரசீது, "காணவில்லை" என்று அறிவித்த அரசாங்கக் கடிதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கிடைக்கக்கூடும். அவற்றில் நீங்கள் தேட வேண்டியது முதலில் அவருடைய படை எண், அடுத்து ரெஜிமெண்டின் பெயர். பெயர் பலருக்கு ஒன்றாக இருக்கும். ஒரு ரெஜிமெண்டுக்குள் எண் ஒருவருக்குத்தான் உரியது.

பதக்கம் இருந்தால் அதைக் கவனமாகப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினருக்கு வழங்கிய பதக்கங்கள் பலவற்றில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கமானால் பின்பக்கத்திலும், வட்டப் பதக்கமானால் விளிம்பிலும் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்க வேண்டாம். பொறித்த எழுத்து ஆழம் குறைந்தது, சில முறை தேய்த்தாலே மழுங்கிவிடும்.

அடுத்தது வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கேட்பது. "அவர் எப்படி இறந்தார்?" என்று நேரே கேட்டால் பெரும்பாலும் கண்ணீரோ மௌனமோதான் பதிலாகக் கிடைக்கும். அதற்குப் பதிலாக, சேதி வந்த அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் சேதி கொண்டுவந்தார்கள், வயலில் அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். ஊரில் இருந்த என் அத்தை தேதி எதையும் சொல்லவில்லை; ஆனால் கண்மாய் நிறைந்து கிடந்ததையும், சேதி கொண்டுவந்த மனிதர் கரை வழியாக நடந்து வந்ததையும், அவருக்குக் கொடுத்த கஞ்சியை அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்ததையும் தன் தாயார் சொல்லக் கேட்டிருந்தார். சேதி கொண்டுவந்தவர் அதே சிறையிலிருந்து மீண்ட ஒரு சிப்பாய். கண்மாய் நிறைந்திருந்தது என்றால் ஐப்பசி அல்லது கார்த்திகை. சிறை மீண்டவர் ஊருக்கு வந்தார் என்றால் 1945. ஆகவே சேதி எப்போது வந்தது என்பது எங்களுக்குத் தெளிவாயிற்று. இறந்த நாள் எது என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பெயரைத் தேடுவது

முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல் அமைக்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், இரண்டு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் படையினரின் பெயர்ப் பதிவுகளைப் பேணி வருகிறது. அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் ஒரே மதிப்பு என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் அடங்குவர். பதிவுகளை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். பெயர், பதவி, படை எண், ரெஜிமெண்ட், புதைக்கப்பட்ட இடம் அல்லது பெயர் பொறித்த சுவரின் எண் ஆகியவை அங்கே கிடைக்கும். இந்தியச் சிப்பாய்களுக்குப் பல இடங்களில் தந்தை பெயரும், ஊரும், மாவட்டமும், சில வேளை மனைவி பெயரும் சேர்ந்திருக்கும்.

தமிழருக்கு இங்கேதான் பெரிய தடை வருகிறது. படையில் சேர்த்த எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார், அதுவே நிலைத்துவிட்டது. முத்துச்சாமி என்ற ஒரே பெயரில் முதல் எழுத்துக்குப் பின் 'யு' ஒன்று வரலாம், 'ஓ' இரண்டு வரலாம். நடுவில் 'டபிள்யூ' இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கடைசியில் 'ஐ' அல்லது 'ஒய்'. பழனி என்பதில் ழகரத்துக்கு 'எல்' போட்டிருப்பார்கள். தலைப்பெழுத்து பெரும்பாலும் இருக்காது. சாதிப் பெயரையே குடும்பப் பெயராக எழுதி, இயற்பெயரை முன்னால் தள்ளியிருப்பதும் உண்டு. ஆகவே ஒரு தாளில் எல்லா எழுத்துக் கோவைகளையும் முதலில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடி, தேடியதை அடித்துக்கொண்டே வாருங்கள். நாங்கள் சின்னத் தாத்தாவின் பெயரைச் சரியான எழுத்தில் நான்கு ஆண்டுகள் தேடினோம். அவர் கிடைத்தது தவறான எழுத்தில். தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் ஒத்திருந்ததால்தான் அவர்தான் என்று உறுதியாயிற்று. தந்தை பெயர், ஊர், ரெஜிமெண்ட் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல், பெயரை மட்டும் வைத்து "கிடைத்துவிட்டார்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் திதி கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அவருடைய வீட்டார் அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ரெஜிமெண்ட் தெரிந்தால் அதன் ஆவணப் பிரிவுக்குப் படை எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். மதராஸ் சப்பர்களின் வழிவந்த மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் பெங்களூரிலும், மதராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரி வெலிங்டனிலும் உள்ளன. ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் ஆவணக் காப்பகமும் கைதிகளைப் பற்றிய விசாரணைகளை ஏற்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும் ஏற்பதில்லை, குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் என்பதால் நாளைப் பார்த்து அனுப்ப வேண்டும்.

எங்கே பிடிபட்டார் என்பதே முதல் கேள்வி

பர்மாவில் இறந்த கைதி என்றவுடன் எல்லோரும் தான்பியூசயாத்துக்கே வந்துவிடுகிறார்கள். மோல்மேனுக்குத் தெற்கே 65 கிலோமீட்டரில் உள்ள அந்த ஊரின் பெயருக்குத் தகரச் சத்திரம் என்று பொருள். ஜப்பானியர் போர்க்கைதிகளையும் தொழிலாளர்களையும் கொண்டு போட்ட, மலேசியத் தமிழர் சயாம் மரண ரயில் என்று சொல்லும் பாதையின் பர்மா முனை அதுதான். சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) பான்போங்கிலிருந்து இங்கே வரை சுமார் 415 கிலோமீட்டர். இரு பக்கத்திலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்த்தாவில் இணைந்தன. அந்தப் பாதையில் சுமார் 13,000 போர்க்கைதிகள் இறந்தார்கள். பாதையின் வடபகுதி முகாம்களில் புதைக்கப்பட்டவர்களைப் பின்னர் எடுத்துவந்து சேர்த்த இடம் தான்பியூசயாத் போர்க் கல்லறை. அங்கே காமன்வெல்த் படையினர் 3,149 பேரும் டச்சுக்காரர் 621 பேரும் அடக்கமாகியுள்ளனர்.

ஆனால் அந்தப் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகளில் மிகப் பெரும்பாலோர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படையினர். இந்தியச் சிப்பாயைத் தேடும் குடும்பம், அவர் எங்கே பிடிபட்டார் என்பதை வைத்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும். மலாயாவிலோ, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரிலோ பிடிபட்டு, கல்லறை தெரியாமல் இறந்தவரானால், அவர் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். பர்மாவுக்கு வரவே தேவையில்லாமல் போகலாம். பர்மாப் போரில் பிடிபட்டவரானால் ரங்கூன் பக்கம் தேடுங்கள். ரங்கூன் மத்திய சிறை, சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நடுவிலிருந்து விரியும் கட்டிடங்களைக் கொண்டது. இந்தியச் சிப்பாய்கள் அங்கே தனிப் பகுதியில் வைக்கப்பட்டிருந்தார்கள். அந்தச் சிறையில் இறந்தவர்களின் கல்லறைகளைப் போருக்குப் பின் ரங்கூன் போர்க் கல்லறைக்கு மாற்றினார்கள். அது நகருக்குள்ளேயே இருக்கிறது. தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கியப் படையினரும், உடலே கிடைக்காதவர்களும் நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், பியே சாலையில் உள்ள தாவுக்கியான் கல்லறையில் நினைவுகூரப்படுகிறார்கள். அங்கே தகனமானவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னமும், கல்லறை தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களைத் தாங்கிய தூண் வரிசையும் உள்ளன. அந்தத் தூண்களின் முகங்களுக்கு எண் உண்டு. பதிவில் உள்ள முக எண்ணைக் குறித்துக்கொண்டு போகாவிட்டால், நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு திரும்ப நேரிடும்.

தான்பியூசயாத்துக்கு வருகிறவர்களிடம் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக இறந்தார்கள். சிப்பாய்க்காவது எண் இருந்தது, பதிவு இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. நீங்கள் தேடி வந்தவர் யாராக இருந்தாலும், கையில் உள்ள பூவில் ஒரு பிடியை அவர்களுக்காகவும் வையுங்கள்.

கல்லறையில்

யாங்கோனிலிருந்து மோல்மேன் வழியாக யே வரை செல்லும் ரயில் பாதையில் தான்பியூசயாத் இருக்கிறது. மோல்மேனிலிருந்து சாலை வழியாகவும் வரலாம். பாதைகளின் நிலைமையை உள்ளூர்க்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

இங்குள்ள கல்லறைகளில் நிற்கும் கற்கள் இல்லை. தரையோடு ஒட்டிய தாழ்ந்த பீடத்தில் வெண்கலத் தகடு பதித்திருக்கும். பெயரைப் படிக்கக் குனிய வேண்டும், முதியவர்கள் உட்கார வேண்டும். காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எழுத்து நன்றாகத் தெரியும். படம் எடுப்பதற்கும் அதுவே ஏற்ற நேரம். தூணில் பெயர் உயரத்தில் இருந்தால், கூட வந்த ஒருவர் சற்றுத் தள்ளி நின்று கைப்பேசியில் பெரிதாக்கி எடுத்து, முதியவரின் கையில் கொடுத்து காட்டலாம்.

மஞ்சள், குங்குமம், எண்ணெய், சூடம் எதையும் கல்லின் மேலோ தகட்டின் மேலோ வைக்காதீர்கள். நம் வழக்கம் அது என்பது உண்மைதான். ஆனால் எண்ணெயும் சூடக் கரியும் கல்லில் இறங்கினால் போகாது, பக்கத்தில் உள்ள பெயரும் கறைபடும். தண்ணீரும் பூவும் போதும். நடுகல்லை நீராட்டியே நட்ட மரபு நம்முடையது. ஆகவே வெறும் தண்ணீரைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. அத்தையைத் தாவுக்கியானுக்கு அழைத்துப் போனபோது, ஊர்க் கண்மாயிலிருந்து ஒரு சிறு குப்பியில் கொண்டுவந்த தண்ணீரில் அவர் விரலை நனைத்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக இழுத்தார். வெயிலில் அது உடனே உலர்ந்தது. உலர்ந்ததும் மறுபடி நனைத்தார். பெயர் முடியும் வரை நாங்கள் யாரும் பேசவில்லை.

தாவுக்கியான் நினைவுச் சின்னத்தின் நடு மண்டபத்தில், சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் உயிர் நீத்தனர் என்ற பொருளில் ஒரு வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குருமுகி ஆகியவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழில் இல்லை. அதனால் அவருடைய பெயரை, அவர் தந்தை பெயரை, ஊர்ப் பெயரைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே அதை உரக்கப் படியுங்கள். எழுத்தர் காதில் விழுந்த பெயரல்லாமல் தாய் கூப்பிட்ட பெயர் அந்த இடத்தில் ஒரு முறையாவது ஒலிக்கட்டும்.

எந்த நாளில் நினைப்பது

பதிவில் ஒரு தேதி இருக்கும். அதை உடனே இறந்த நாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் உள்ள பலருக்கு இறந்த நாள் தெரியாததால், அவர்கள் பிடிபட்ட அல்லது காணாமல் போன நாளே பதிவில் இடப்பட்டிருக்கிறது. எங்கள் சின்னத் தாத்தாவின் பதிவிலும் பாலம் தகர்ந்த நாளே இருந்தது. நாங்கள் அதை நம்பி, விஷு ஆண்டு மாசி மாதத்துப் பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்து, திதி கணக்கிட்டு, சில ஆண்டுகள் கொடுத்தும் வந்தோம். பிறகுதான், உடன் சிறையில் இருந்தவர் சேதி கொண்டுவந்தது நினைவுக்கு வந்தது: அந்த நாளில் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். அதற்குப் பின்னும் சில காலம் சிறையில் பசித்திருக்கிறார், வயிற்றுக்கடுப்பில் கிடந்திருக்கிறார். அவர் உயிரோடு இருந்த ஒரு நாளில் நாங்கள் அவருக்குத் திதி கொடுத்துவந்தோம் என்பது எனக்கு இன்றும் மனத்தை அறுக்கிறது.

ஆகவே தேதியைச் சோதியுங்கள். பாலம் தகர்ந்த நாள், சரணடைந்த நாள் போன்ற பெரிய நிகழ்ச்சியின் தேதியோடு அது பொருந்தினால் ஐயப்பட வேண்டும். உறுதியான தேதி கிடைத்தால் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தில் தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 1942 சித்திரை முதல் சித்திரபானு, அடுத்தது சுபானு, பிறகு தாரண, 1945 சித்திரையில் பார்த்திப. தேதி கிடைக்காதவர்களுக்கு நம் மரபு வழி வைத்திருக்கிறது: திதி தெரியாதவருக்கு அமாவாசையில் கொடுக்கலாம், ஆடி, தை அமாவாசைகளும், புரட்டாசி மகாளய அமாவாசையும் அதற்கு உரியவை. ஆயுதத்தால் இறந்தவர்களுக்கு மகாளய பட்சத்தின் சதுர்த்தசி உண்டு. சிறையில் வெட்டப்பட்டோ சுடப்பட்டோ இறந்தார் என்று தெரிந்தால் மட்டுமே அதை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பெயரைச் சொல்லிப் பூசை வைக்கலாம். முஸ்லிம் குடும்பங்கள் எந்த நாளிலும் யாசீன் ஓதி துஆ கேட்கலாம். நாங்கள் இப்போது மகாளய அமாவாசையில் கொடுக்கிறோம்.

ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

கடைசி வேலை எழுதுவது. நான் மிகவும் வற்புறுத்துவதும் இதுதான். ஒரே ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதுங்கள், பர்மாவில் இருப்பவர்கள் பர்மிய மொழியிலும் ஒரு படி எழுதுங்கள், ஏனென்றால் நம் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

அதில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "போர்க்களத்தில் வீழ்ந்தார்" என்று எழுதும் ஆசை வரும்; ஊர்ப் பெரியவர்களும் அப்படியே எழுதச் சொல்வார்கள். கைதியானவர் தோற்றவர் என்ற ஒரு கூச்சம் நம் வீடுகளில் நெடுநாளாக இருக்கிறது. பாலம் உடைந்த கரையில் நின்றவருக்கும், மேலிடம் சரணடைந்தபோது ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லப்பட்டவருக்கும் தேர்வு என்று ஒன்று இருக்கவில்லை. அவர் நோயில் இறந்தார் என்றால் நோயின் பெயரை எழுதுங்கள். பட்டினியில் இறந்தார் என்றால் பட்டினி என்றே எழுதுங்கள். போர்க்களக் கதை ஒன்றைச் சேர்த்தால், அவர் உண்மையில் தாங்கிய மாதங்களை அழித்துவிடுகிறோம்.

இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தாரா, சேராமல் கைதியாகவே இருந்தாரா என்ற கேள்வியும் வரும். சேர்ந்தவர்களும் இருந்தார்கள், மறுத்துக் கைதியாகவே இருந்தவர்களும் இருந்தார்கள். இரு பக்கத்திலும் தமிழர் இருந்தார்கள். ஆவணமோ நேரில் கண்டவர் சொல்லோ இல்லாமல், இன்றைய நம் விருப்பத்துக்கு ஏற்ப அவரை ஒரு பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

எவை உறுதியானவை, எவை கேட்டவை என்பதைப் பிரித்து எழுதுங்கள்: "பதிவில் உள்ளது", "அத்தை சொன்னது", "சேதி கொண்டுவந்தவர் சொன்னதாகச் சொல்வது" என்று. படை எண்ணையும், தூணின் முக எண்ணையும், ஆங்கிலத்தில் அவர் பெயர் தவறாக உள்ள எழுத்துக் கோவையையும் மறக்காமல் சேருங்கள். பின்னால் தேடுகிறவர் எங்களைப் போல நான்கு ஆண்டுகளை இழக்க வேண்டாம். பதிவில் பிழை இருந்தால் ஆதாரத்தோடு ஆணையத்துக்கு எழுதித் திருத்தக் கேட்கலாம். பக்கத்தின் ஒரு படியைப் படத்தின் பின்புறத்தில் ஒட்டுங்கள். ஒன்றைச் சொந்த ஊருக்கு அனுப்புங்கள். ஒன்றைக் கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ கொடுத்து வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் அவர் பிடிபட்ட நாள் இருக்கிறது, சேதி வந்த மாதம் இருக்கிறது. இறந்த நாள் என்ற இடத்தில் "1942 பிப்ரவரி 23க்குப் பின், 1945 ஏப்ரல் முடிவதற்குள்" என்று எழுதி, அதன் கீழே ஒரு வரி எழுதும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறோம்.